ஜிங்க் கூரைக்கு அடியில் ரயில் தளம்: சுங்கை சிப்புட் பரண் விவாதம்

கேள்வி: 2023 செப்டம்பர் 3

அண்ணே, நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துல லிந்தாங் பக்கம். போன மாசம் சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு பழைய வீடு வாங்கினோம். கீழே கல்லு, மேலே பலகை. கூரைக்கு அடியில பெரிய இடம் சும்மா கிடக்கு, 24 அடி நீளம், 16 அடி அகலம். சீலிங் அடிக்கல, தரையில பாதிக்கு மேல பலகை இல்ல. அங்க ஒரு மாதிரி ரயில் தளம் போடணும்னு சின்ன வயசு ஆசை. சுவரை ஒட்டி ரெண்டு சுத்து, நடுவுல மலை, ரெண்டு டனல்னு மனசுல வரைஞ்சு வச்சிருக்கேன். முதல்ல தண்டவாளம் வாங்கட்டுமா, எஞ்சின் வாங்கட்டுமா?

2023 செப்டம்பர் 3, இரவு

இரண்டும் இப்போது வேண்டாம் தம்பி. முதலில் ஒரு வெப்பமானி வாங்கு. அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் பிடித்து வைத்துக்கொள்ளும் வகை. கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்.

என் பரணில் ஜிங்க் தகட்டுக்கு ஒரு முழம் கீழே மதியம் இரண்டு மணிக்கு 46 டிகிரி. விடியற்காலை 25. உன் பலகை, பசை, எஞ்சின், நீ எல்லாரும் அந்த இருபது டிகிரிக்குள்தான் குடியிருக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 4

அவசரமாக ஒன்று. பழைய வீடு என்கிறாய். மேலே எங்கேயாவது சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தகடு கிடந்தால், சுவரிலோ கூரையிலோ அடித்திருந்தால், அதைத் துளை போடாதே, உடைக்காதே, கூட்டிப் பெருக்கவும் செய்யாதே. அந்தக் காலத்துத் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். சும்மா இருக்கும்வரை தொல்லை இல்லை. தூளானால் நுரையீரலுக்குப் போகும். தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் ஏணியை எடு.

2023 செப்டம்பர் 10

வெப்பத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நான் செய்த வரிசையைச் சொல்கிறேன், இதில் ஒரு தப்பும் உண்டு.

முதலில் அலுமினியம் பாயில் வாங்கி ஜிங்க் தகட்டோடு ஒட்ட வைத்து அடித்தேன். 46 டிகிரி 45 ஆனது, அவ்வளவுதான். பாயிலின் வேலை கதிராக இறங்கும் சூட்டைத் திருப்பி அனுப்புவது. அதற்குத் தகட்டுக்கும் பாயிலுக்கும் இடையே காற்று வேண்டும். ஒட்டிவிட்டால் சூடு தகட்டிலிருந்து நேராகப் பாயிலுக்குள் நடந்து வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் பிரித்து, ரீப்பர் கட்டைக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மறுபடி அடித்தேன். அப்புறம் கூரை முகட்டில் காற்றுக்குத் தானாகச் சுழலும் உருண்டை விசிறி ஒன்று, தாழ்வாரத்தில் காற்று நுழைய வலை போட்ட திறப்பு. மேலே மட்டும் வழி வைத்துக் கீழே வைக்காவிட்டால் விசிறி சுற்றும், காற்று வராது. இப்போது மதியத்தில் 37.

முப்பத்தேழு டிகிரியில் உட்கார்ந்து விளையாட முடியாது. ஆனால் பொருள்கள் பிழைக்கும், அதுதான் கணக்கு. முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த பொருள் 60 டிகிரிக்குப் பக்கத்தில் தளர்ந்துவிடும். கூரையை ஒட்டி, வெயில் நேராக விழும் சன்னல் ஓரத்தில் வைத்தால் அந்த 60 தூரத்தில் இல்லை. என் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒரே மாதத்தில் குனிந்துவிட்டது.

வேலை செய்யும் நேரம் காலை ஆறரை முதல் ஒன்பது வரை, இல்லாவிட்டால் இரவு. இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடு.

2023 செப்டம்பர் 11

தரை. மேலே போய்க் கீழே பார்த்தால் குறுக்குச் சட்டங்கள் தெரியும். பல வீடுகளில் அது கீழ் அறையின் சீலிங்கைத் தூக்கிப் பிடிக்க மட்டும் போட்டது. ஆள் நடக்க, பலகை மேசை வைக்க, நாலு பேர் வந்து நின்று பார்க்கப் போட்டதில்லை. வீடு கட்டுகிற ஆளைக் கூப்பிட்டு, சுவரிலிருந்து சுவருக்குத் தனி உத்தரம் போட முடியுமா என்று கேள். இதில் சிக்கனம் பார்க்காதே.

2023 செப்டம்பர் 17

தண்டவாளம் நீள்வது பற்றி இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். சூட்டில் 5 மீட்டர் தண்டவாளம் ஒரு சென்டிமீட்டர்வரை நீளும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். என் தளத்தில் பிப்ரவரி மாதம் தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்தது. சூடுதான்.

(இது தப்பு. டிசம்பர் 20 குறிப்பைப் பார்க்கவும்.)

2023 அக்டோபர் 8

இனி அளவு. இங்கேதான் நான் ஆறு மாதம் சுற்றினேன், தம்பி சுற்ற வேண்டாம் என்று விரிவாக எழுதுகிறேன்.

நம் நாட்டு ரயில் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர். கடையில் எளிதாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் இரண்டு வகை. ஹெச்ஓ (HO) என்பது 16.5 மில்லிமீட்டர், N கேஜ் என்பது 9 மில்லிமீட்டர். இரண்டும் 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையை மனத்தில் வைத்து வந்தவை. ஹெச்ஓ உருவங்கள் 87இல் ஒரு பங்கு. 16.5ஐ 87ஆல் பெருக்கிப் பார், 1,435 வரும். நம் எஞ்சினை அதே 87இல் செய்து அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால் கால் அகட்டி நிற்கிற மாதிரி இருக்கும். நம் வண்டியின் அழகே ஒடுங்கிய பாதையில் அகன்ற உடம்பு அசைந்து வருவதுதான்.

87 அளவிலேயே மீட்டர் கேஜுக்கென்று 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு. சுவிட்சர்லாந்து மலை ரயில்கள் மீட்டர் கேஜ் என்பதால் அங்கே அதற்கு நல்ல சந்தை. 12ஐ 87ஆல் பெருக்கினால் 1,044. அருமையான பொருத்தம். விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

கடைசியில் வந்து நின்ற இடம் இது. தண்டவாளம் N கேஜ் 9 மில்லிமீட்டர், வீடு, மரம், மனிதர், வண்டி எல்லாம் 120இல் ஒரு பங்கு. 9ஐ 120ஆல் பெருக்கினால் 1,080. எட்டு விழுக்காடு கூடுதல், கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரமும் மோட்டாரும் ஜப்பான் N கேஜ் வண்டியிலிருந்து, உடம்பு மட்டும் நானே பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டுகிறேன். 20 மீட்டர் நீளமான பயணிகள் பெட்டி 167 மில்லிமீட்டர் ஆகிறது. ஒரு எஞ்சினும் ஐந்து பெட்டியும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

2023 அக்டோபர் 9

எஸ்டேட்டுக்குள் ஓடிய சின்ன ரயிலையும் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: கட்டாயம் சேருங்கள். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டாராத்தா தோட்டத்தில் செம்பனைக் குலைகளைச் சின்ன ரயிலில்தான் ஆலைக்குக் கொண்டு போகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் அந்த ஒடுங்கிய பாதையை 120 அளவில் ஓட வைக்கக் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் விரல் வேண்டும். ஓடாமல் நிற்கிற தள்ளுவண்டி இரண்டு, லாலாங் புல்லுக்குள் பாதி புதைந்த தண்டவாளம், அது போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

2023 நவம்பர் 16

தீபாவளி முடிந்தது. விருந்தாளிகள் எல்லாரையும் பரணுக்கு ஏற்றிக் காட்டினேன். ஏழு பேர் ஏறினார்கள், ஆறு பேர் இறங்கினார்கள். என் தங்கை மகன் மட்டும் இறங்க மாட்டேன் என்று பிடிவாதம், முறுக்குத் தட்டு மேலே போன பிறகும் இறங்கவில்லை.

மழை இப்போது தினமும் மாலை நாலு மணிக்கு. தம்பி, இந்த மாதம் முழுக்க உன் கூரையை மட்டும் பார். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே சட்டத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடு. ஜிங்க் தகட்டில் ஆணி அடித்த இடத்து ரப்பர் வளையம் இற்றுப் போயிருக்கும், அதில்தான் பாதி ஒழுகல். மழைக்காலம் ஒன்றைக் கடக்காத கூரைக்குக் கீழே மரம் வாங்கி அடுக்காதே.

2023 நவம்பர் 18

மூசாங், அதாவது மரநாய், வரும். கூரைக்குள் ராத்திரி யாரோ செருப்புப் போட்டு நடக்கிற மாதிரிச் சத்தம் கேட்டால் அதுதான். என் மலையின் மேல் ஏறி உட்கார்ந்து ரம்புத்தான் தின்றுவிட்டுப் போயிருந்தது, கொட்டை நாலு இருந்தது. கொல்லாதீர்கள், வருகிற வழியைக் கண்டுபிடித்துத் தடித்த வலை அடியுங்கள். குட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

2023 டிசம்பர் 20

செப்டம்பர் 17இல் எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு பேர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், அவர்களுக்கு நன்றி.

மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்கிற கலவை. அது ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 17 பங்கு நீளும். 5 மீட்டருக்கு, 20 டிகிரி வித்தியாசத்தில், 1.7 மில்லிமீட்டர். நான் சொன்ன ஒரு சென்டிமீட்டர் எங்கே, இது எங்கே. மூட்டுக்கு மூட்டு ஒரு மில்லிமீட்டர் விட்டால் சக்கரம் தடதடவென்று தட்டும். மூன்று மூட்டுக்கு ஒன்றில் அரை மில்லிமீட்டர் போதும்.

அப்படியானால் என் தண்டவாளம் ஏன் வளைந்தது? மரம். நான் மெராந்திப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித் தளம் போட்டேன், அதுவும் நவம்பர் மழையில், மரம் ஈரம் குடித்து உப்பியிருந்தபோது. தண்டவாளம் பலகைகளைக் குறுக்கே கடந்து போனது. பிப்ரவரி வறட்சியில் ஒவ்வொரு பலகையும் அகலத்தில் சுருங்கியது. மரம் நார் ஓடும் திசையில் அசைவதில்லை என்றே சொல்லலாம், நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும், உப்பும். பலகை சுருங்கியது, உலோகம் சுருங்கவில்லை, போக இடமில்லாமல் பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது.

ஆகவே ஒட்டுப்பலகை வாங்குங்கள், அதாவது பிளைவுட். அதில் அடுக்குக்கு அடுக்கு நார் திசை மாறுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். வாங்கி வந்ததும் பரணிலேயே இரண்டு வாரம் நிறுத்தி அந்தக் காற்றுக்குப் பழக்குங்கள். வெட்டிய பிறகு மேல், கீழ், நாலு ஓரம், துளை போட்ட உள்பக்கம் எல்லாவற்றுக்கும் வார்னிஷ். மேல்பக்கம் மட்டும் பூசினால் ஈரம் கீழ்ப்பக்கமாக வந்து பலகை அப்பளம் மாதிரி வளையும்.

2023 டிசம்பர் 21

கரையானைச் சொல்ல மறந்துவிட்டேன். தண்டவாளச் சத்தத்தை அமுக்க நார்ப்பலகை போடுவார்கள். நம் ஊரில் அது கரையானுக்கு வைத்த படையல். நான் ரப்பர் கலந்த நுரைத்தாள் போட்டிருக்கிறேன். தளத்தின் கால்களைச் சுவரில் ஒட்டாதே. கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டு சுவர் வழியாகத்தான் மேலே ஏறும், இடைவெளி இருந்தால் அந்த மண் கோடு கண்ணில் படும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.

2024 ஜனவரி 28

தைப்பூசத்துக்கு ஈப்போ போய்விட்டு வந்தேன், கால் வலி இன்னும் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டே எழுதுவதால் இது நீளும்.

தம்பி தன் வரைபடத்தை அனுப்பியிருந்தான். இரண்டு சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கடக்கிறது, நடுவே மலை. அழகாக வரைந்திருக்கிறான். கணக்குப் பார்த்தேன். 120 அளவில் ஒரு வண்டியின் மேல் இன்னொன்று கடக்க 6 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அதற்கு 3 மீட்டர் ஏறு பாதை, மறுபடி 3 மீட்டர் இறங்கு பாதை. நூற்றுக்கு நாலு வைத்தால் பாதியாகும், ஆனால் சின்ன எஞ்சின் ஐந்து பெட்டியை இழுக்க முடியாமல் மலையில் நின்றுவிடும். அடுத்தது கூரைச் சரிவு. 30 டிகிரி சரிவில் முகட்டிலிருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போகும்போதும் தலைக்கு மேல் 58 சென்டிமீட்டர் குறையும். நீ நேராக நிற்கக் கிடைப்பது நடுவில் ஒரு பட்டைதான். அந்த நடுவிலே மலையை வைத்திருக்கிறாய். நீ எங்கே நிற்பாய்? மலைக்குப் பின்னால் டனலுக்குள் வண்டி கவிழ்ந்தால் எட்டி எடுக்கக் கை 75 சென்டிமீட்டருக்கு மேல் போகாது.

நடுவைக் காலியாக விடு. சரிவுக்குக் கீழே தாழ்ந்த இடத்தில் தளம், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில், தரையிலிருந்து 75 அல்லது 80 சென்டிமீட்டர். உட்கார்ந்து பார்த்தால் வண்டி கண் மட்டத்தில் வரும், மேலிருந்து குனிந்து பார்ப்பதைவிட அது நிஜத்துக்குப் பக்கம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த இடத்தைச் செய்யப் போகிறாய்? உன் வரைபடத்தில் மலை இருக்கிறது, அது எந்த மலை என்று இல்லை. நானும் முதலில் அப்படித்தான் வரைந்தேன். ஜெர்மன் நாட்டுப் பெட்டியின் மேல் அச்சடித்த மலை அது, பைன் மரங்களோடு. சுங்கை சிப்புட்டில் பிறந்து, கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த நான் ஏன் அந்த மலையை வரைந்தேன் என்று ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்தில் என்ன இல்லை? கோலாகங்சார் போகிற வழியில் காராயில் பேராக் ஆற்றின் மேல் விக்டோரியா பாலம் நிற்கிறது. 1897இல் தொடங்கி 1900இல் முடித்த இரும்புப் பாலம், செங்கல் தூண்கள், ஒற்றைப் பாதை. 2002 வரை அதன் மேல் வண்டி ஓடியது. இப்போது பக்கத்திலேயே கான்கிரீட் பாலம். பாடாங் ரெங்காஸ் தாண்டி தைப்பிங் போக புக்கிட் பெராப்பிட் மலைத்தொடர், அங்கே பழைய டனல்கள். 2014இல் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார்வரை 329 கிலோமீட்டர் இரட்டை மின்பாதை முடிந்தபோது அந்த மலையைக் குடைந்து 3 கிலோமீட்டருக்கு மேல் புதுச் சுரங்கம் போட்டார்கள். நிஜ டனல் வேண்டுமென்றால் அதைச் செய்.

2024 பிப்ரவரி 2

பதில்கள் குவிந்துவிட்டன. ஒருவர், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு பாதையைச் செய்யலாமே, நாட்டின் முதல் ரயில் என்கிறார். உண்மைதான், 1885 ஜூன் 1இல் திறந்தது, இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை போட்ட பாதை. எட்டு மைல். 120 அளவில் சுருக்கினாலும் நூறு மீட்டருக்கு மேல் வரும். இரண்டு முனையும் நடுவில் கொஞ்சம் அலையாத்திக் காடும் மட்டும் செய்யலாம். போர்ட் வெல்டு இப்போது கோலா செபெத்தாங். போனால் அந்தப் பழைய பெயர்ப்பலகையைப் பாருங்கள், அதில் தமிழிலும் எழுதியிருக்கும். என் நிலையப் பலகையில் தமிழ் வைக்க முடிவு செய்தது அதைப் பார்த்த பிறகுதான்.

இன்னொருவர் சயாம் மரண ரயில் பாதையின் மரப்பாலத்தைச் செய்யச் சொல்கிறார். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், படங்கள் நிறைய இருக்கின்றன என்கிறார். அன்போடுதான் சொல்கிறார், கோபமில்லை. ஆனால் நான் செய்ய மாட்டேன். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அதைப் போட இந்தத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பாட்டியின் அண்ணன் போனவர், வரவில்லை. அந்தப் பாதையும் மீட்டர் கேஜ்தான். கிழக்குக் கரைப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்து அங்கே கொண்டு போனார்கள். நான் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் ஒட்டும்போது சில நேரம் அது நினைவுக்கு வரும், அப்போது கொஞ்ச நேரம் கையை எடுத்துவிடுவேன். நினைவுச் சின்னமாக ஒருவர் அதைச் செய்தால் கும்பிடுவேன். பொத்தானை அழுத்தி வண்டி ஓட்டிப் பார்க்க அது இடமில்லை.

2024 பிப்ரவரி 18

இதுவரை எழுதியதில் பாதியை மாற்ற வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு 84 வயது. 1958இல் மலாயன் ரயில்வேயில், தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் சேர்ந்தவர். மண்வெட்டி, கடப்பாரை, ஜல்லி, சிலிப்பர் கட்டை, இதுதான் வாழ்க்கை. நான் செய்துகொண்டிருப்பது அவர் வேலை செய்த இடத்தை: சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே, ஒரு பக்கம் பால்மரக் காடு, அதாவது ரப்பர் மரங்கள், ஒரு பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், நடுவில் ரயில் கேட், கேங் குடிசை. நீராவியும் டீசலும் ஒன்றாக ஓடிய அறுபதுகள். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் டீசல்கள் 1957இல்தான் வந்திறங்கின, அப்பா சேரும்போது அவை புத்தம் புதுசு.

மூன்று வருடமாகச் செய்கிறேன். அப்பா பார்த்ததில்லை. பரண் ஏணி செங்குத்து, அவருக்கு முழங்கால் மடங்காது. கீழே இருந்துகொண்டு "என்னப்பா, வண்டி ஓடுதா?" என்று கேட்பார். கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டுவேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "ம்" என்பார். போன வாரம் அந்த "ம்" எனக்குத் தாங்கவில்லை.

தம்பி, உன் திட்டத்தில் ஏணி எங்கே இருக்கிறது? யார் யார் ஏற முடியும்? வெப்பத்தையும் கரையானையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன், இதை எழுதவில்லை. இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2024 பிப்ரவரி 19

படிக்கட்டு கட்டலாமே என்கிறார்கள். இடமில்லை, பார்த்துவிட்டேன். தளத்தைக் கீழே கொண்டு வருவதுதான் வழி.

2024 மார்ச் 10

புதுத் திட்டம். சுவரைச் சுற்றி ஓடும் ஒரே பெரிய தளம் வேண்டாம். 4 அடி நீளம், 16 அங்குல அகலத்தில் தனித்தனித் துண்டு. ஒவ்வொன்றும் ஒரு பெட்டி மாதிரி, 9 மில்லிமீட்டர் பிளைவுட், கீழே குறுக்குச் சட்டம். பரணில் ஐந்து துண்டைச் சேர்த்து வைத்து ஓட்டலாம். வேண்டும்போது இரண்டைக் கழற்றி ஏணிவழி இறக்கி முன்னறை மேசையில் வைக்கலாம். பரண் வாய் 22 அங்குல அகலம், அதனால்தான் 16. எதையும் வெட்டுவதற்கு முன் அந்த வாயை அளந்துகொள்.

துண்டுக்குத் துண்டு சேரும் இடத்தில் தண்டவாளம் மயிரிழை விலகினாலும் சக்கரம் இறங்கிவிடும். இரண்டு பக்கத்திலும் பித்தளை முளை, எதிர்ப் பக்கத்தில் அதற்குப் பித்தளைக் குழி, நடுவில் திருகு. விளிம்பில் தண்டவாள முனையை ஆணி மட்டும் நம்பி விடாதே. பலகையில் பித்தளைத் திருகு இறக்கி அதன் தலையோடு தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவை.

பெரிய சுற்றுப் போய்விட்டதே என்று தம்பி வருத்தப்பட்டான். எனக்கும் இருந்தது. 4 அடியை 120ஆல் பெருக்கினால் 146 மீட்டர். ஐந்து துண்டு 730 மீட்டர். அப்பாவின் கேங் காலையில் போய் மதியத்துக்குள் ஜல்லி இறுக்கிவிட்டுத் திரும்பும் தூரம் அவ்வளவுதான் இருக்கும்.

2024 ஏப்ரல் 7

மின்சாரம், சுருக்கமாக. பரணுக்குப் புதுசாக 230 வோல்ட் இழுப்பதைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடு. தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட், அது உன் பாடு. தண்டவாளத்தில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு இடத்தில் கீழிருந்து ஒயர் பற்றவை, மூட்டுத் தகட்டை மட்டும் நம்பினால் இந்த ஈரக்காற்றில் ஆறு மாதத்தில் கறுத்து ஓட்டம் நின்றுவிடும். இடி இடிக்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடு. சுவிட்சை அணைப்பது போதாது. மாலை நாலு மணிக்கு நம் பக்கத்து வானம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2024 மே 12

முதல் துண்டு கீழே வந்தது. கேட், கேங் குடிசை, லயத்தின் கடைசி மூன்று வீடு, பால்மரம் நாற்பது. ஜல்லிக்குப் பழைய ஈயலம்பத்து, அதாவது ஈயச் சுரங்கத்து, வெள்ளை மணலைச் சலித்து, சாம்பல் சாயம் கலந்து போட்டிருந்தேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. கன்னத்தை மேசையில் வைத்து ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தின் நீளத்தைப் பார்த்தார். கேங்கில் அப்படித்தான் கோட்டம் பார்ப்பார்களாம். "இங்க ஒரு அமுக்கு இருக்கு" என்று கேட்டுக்கு இரண்டு விரல் தள்ளித் தொட்டுக் காட்டினார். ஸ்பிரிட் மட்டம் வைத்துப் பார்த்தேன், அரை மில்லிமீட்டர் தாழ்வு. மூன்று வருடமாக அந்த இடத்தில்தான் கடைசிப் பெட்டி குலுங்கும், நான் சக்கரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூட்டைப் பார்த்தார். "வெயிலுக்கு எடம் விட்டிருக்கியா?" விட்டிருக்கிறேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டார், அரை மில்லிமீட்டர் என்றேன். "நாங்க நெருப்புக்குச்சி வச்சுப் பார்ப்போம்" என்றார். டிசம்பரில் இங்கே நாம் எல்லாரும் சேர்ந்து போட்ட கணக்கை அவருக்கு விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார்.

பால்மரம் தப்பு என்றார். தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வராதாம். நடுவில் கால்வாய், அப்புறம் லாலாங் புல், அதை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எஞ்சின் பொறி விழுந்தால் காடு பற்றிக்கொள்ளும். லயத்தில் விளக்கு வைக்கச் சொன்னார். பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, விடியுமுன்னே எழுந்து கோப்பி போடுவார்கள், முதல் வண்டி போகும்போது எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு எரியும் என்றார். சீக்கிரம் சொல்லியிருந்தால் ஒயரைச் சுவருக்குள் விட்டிருப்பேன்.

முன்வரிசை மரங்களில் நான் வெட்டுக்கோடு கீறியிருந்ததை அம்மா கண்டுபிடித்தாள். "இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ எறங்கணும், நீ மாத்திக் கீறியிருக்க" என்றாள். பதினாறு வயதிலிருந்து பால் வெட்டியவள். பன்னிரண்டு மரம், எல்லாம் மாற்ற வேண்டும்.

2024 மே 26

பன்னிரண்டு மரமும் மாற்றியாயிற்று. நாற்பதில் பதினான்கைப் பிடுங்கிப் பின்னால் தள்ளினேன், முன்னால் கால்வாயும் புல்லும். அமுக்கு இருந்த இடத்தில் தண்டவாளத்துக்குக் கீழே காகிதத் துண்டு இரண்டு செருகினேன். கடைசிப் பெட்டி இப்போது குலுங்கவில்லை. லயத்து வீடுகளுக்கு மஞ்சள் எல்இடி, ஒவ்வொன்றும் கொஞ்சம் மங்கலாக.

தம்பி, உன் பரண் வாயை அளந்து அனுப்பியதைப் பார்த்தேன். 20 அங்குலம் என்றால் துண்டை 14 அங்குலமாக வெட்டு. உன் அம்மாச்சி எஸ்டேட்டில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறாயே, மலையை வரைவதற்கு முன் அவரிடம் போய் ஒரு மணி நேரம் உட்கார். தாளும் பென்சிலும் கொண்டு போ.

ஜூன் 1 சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்றாம் துண்டைக் கீழே இறக்குகிறேன், வெயில் ஏறுவதற்கு முன். 11 கிலோ இருக்கிறது, ஏணியில் தனியாக முடியாது. வா, ஒரு கை பிடி. நீ கீழே நில், நான் மேலிருந்து விடுகிறேன். கேங் குடிசை இருக்கிற பக்கத்தைப் பிடிக்காதே, கூரை இன்னும் ஒட்டவில்லை.